நமத்த வெடி

மூன்றாவது குண்டுக்கு 'டமார்' வரவில்லை. 'பட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் பொறுக்கியெடுத்த வெடியைக் கொளுத்தினால் வருமே, அது மாதிரி. பழக்கதோஷத்தில் என் இடது கட்டைவிரல் அடுத்த குண்டுக்காக ஹேமரில் ஏறிவிட்டது. காதடைப்பையும் மீறி முதுகுக்குப் பின்னால் "ஸ்டாப்!" என்று ஓர் அலறல். நின்றேன்.

டைமர் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் என் தோளருகில் வந்தார். "தம்பி, அந்தத் துப்பாக்கியை மெதுவா மேசைமேல வை. வாய் மண்மேட்டைப் பாத்தே இருக்கட்டும். மிச்சத்தை முடி." அவர் சொன்னது ஆங்கிலத்தில், 'சன்' என்று. என் காதில் அது எப்போதும் 'தம்பி' என்றுதான் விழும். ரைஃபிளையும் ஷாட்கன்னையும் எப்படிச் சுட்டு முடித்தேன் என்று நினைவில்லை.

பிறகு அவர் ரிவால்வரைக் காலி செய்து, ஒரு பித்தளைக் கம்பியை குழாயின் வாய் வழியாக விட்டார். கம்பி பாதியில் நின்றது. உள்ளே ஈயக்குண்டு அடைத்துக்கொண்டிருந்தது. கம்பியின் தலையில் சுத்தியால் நாலு தட்டு தட்டியதும், குண்டு வந்த வழியே பின்னால் வந்து விழுந்தது.

"அடுத்ததை அடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. என் இடது கையைப் பார்த்தார். பிறகு அந்தக் குண்டை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "இதை யாரு செஞ்சா?" என்றார். அவருக்குத் தெரியும். நான்தான் செய்தேன். என் வீட்டில், என் மேசையில், என் கையால்.

*

இந்த விளையாட்டின் பெயர் கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங். 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் வெஸ்டர்ன் படப் பைத்தியங்கள் சிலர் ஆரம்பித்தது. 1987-ல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்று ஓர் அமைப்பானது. ஆட்டத்துக்கு நான்கு துப்பாக்கிகள் வேண்டும்: ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்துச் சுட வேண்டிய ரிவால்வர் இரண்டு, லீவர் ரைஃபிள் ஒன்று, பழைய பாணி ஷாட்கன் ஒன்று. எல்லாம் 19ஆம் நூற்றாண்டு வடிவம். ஒரு ஸ்டேஜுக்கு வழக்கமாக ரிவால்வர்களில் பத்து குண்டு, ரைஃபிளில் பத்து, ஷாட்கன்னில் நான்கைந்து. இரும்புத் தகட்டில் பட்டால் 'டிங்' என்று கேட்கும். தவறினால் ஐந்து வினாடி கூடும். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவர் ஜெயிப்பார்.

உடையும் விதிதான். அந்தக் காலத்து உடை இல்லாமல் வரமுடியாது. பெயரும் சொந்தப் பெயராக இருக்கக்கூடாது. ஒருவர் பதிந்த புனைபெயரை இன்னொருவர் வைக்கமுடியாது. நான் 'சிவகாசி கிட்' என்று கேட்டேன். போட்டிக்கு யாரும் வரவில்லை.

சிவகாசிக்காரன் அரிசோனாவில் கவ்பாய் தொப்பி போடுவது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் என் ஊரில் வளர்ந்தவனுக்கு அது அவ்வளவு தூரமில்லை. 1984-ல் எங்கள் ஊரிலிருந்து வர ஆரம்பித்த லயன் காமிக்ஸில்தான் நான் டெக்ஸ் வில்லரைச் சந்தித்தேன். இரவுக் கழுகார். பள்ளிப்பையில் கணக்குப் புத்தகத்துக்குள் அவர் இருப்பார். அவரை 1948-ல் உருவாக்கியது இத்தாலிக்காரர்கள் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. இன்று இந்த ஆட்டத்தில் பலரும் வைத்திருக்கும் ரிவால்வர், ரைஃபிள்களும் இத்தாலியில் செய்யப்படும் நகல்கள்தான். என்னுடையவை ஊபெர்ட்டி, வடக்கு இத்தாலியில் 1959-ல் தொடங்கிய கம்பெனி. என் கவ்பாயும் இத்தாலி, அவன் துப்பாக்கியும் இத்தாலி. மருந்து மட்டும்தான் எனக்குச் சொந்த ஊர்.

எச்-1பி விசாவில் இருந்தவரை இதில் கைவைக்க முடியவில்லை. அந்த மாதிரி விசாக்காரர்கள் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பது மத்தியச் சட்டம். பீனிக்ஸுக்கு வடக்கே பென் ஏவரி சுடுதளத்தில் நடக்கும் 'விண்டர் ரேஞ்ச்' தேசியப் போட்டிக்கு வருடாவருடம் வேடிக்கை பார்க்கப் போவேன். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஓடி, பத்து குண்டையும் பத்து தகட்டில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்ததை அங்கேதான் பார்த்தேன். கிரீன் கார்டு வந்த மாதமே பேர் கொடுத்தேன்.

மனைவிக்கு இதில் ஒப்புதல் கிடையாது. மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் பள்ளியில் 'லாக்டவுன்' பயிற்சி நடந்தது. விளக்கணைத்து, சுவரோரம் சத்தமில்லாமல் உட்காரப் பழக்குவார்கள். வீட்டுக்கு வந்து, "நான்தான் ரொம்ப அமைதியா இருந்தேன்னு டீச்சர் சொன்னாங்க" என்று பெருமையாகச் சொன்னாள். மனைவி என்னைப் பார்த்தாள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. துப்பாக்கிகள் இரும்புப் பெட்டியில், மருந்து வேறு அறையில் பூட்டி, சாவி என் கழுத்தில் என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அது சமாதானம்தான், பதில் ஆகாது.

*

பெரியவர் ரயில்வேயில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாதமே எனக்கு மூன்று யோசனை சொன்னார். மூன்றையும் நான் கேட்கவில்லை.

முதல் யோசனை: ".38 வாங்கு." இந்த ஆட்டத்தில் நிறையப் பேர் .38 ஸ்பெஷல்தான் சுடுகிறார்கள். ஈயம் கம்மி, மருந்து கம்மி, உதைப்பும் கம்மி. தகடு பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் கொல்லவேண்டியதில்லை, தொட்டால் போதும். ரிவால்வர் குண்டு வினாடிக்கு 1000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று விதியே இருக்கிறது. தகட்டில் பட்டுத் திரும்பித் தெறிக்காமல் நசுங்கவேண்டும் என்பதற்காக வெறும் ஈயக்குண்டு மட்டும்தான் அனுமதி.

நான் .45 கோல்ட் வாங்கினேன். 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்குக் கோல்ட் ரிவால்வரோடு வந்த தோட்டா. அந்த வருடத்தின் பெயரே எனக்குப் போதையாக இருந்தது. "ரைஃபிளும் .45 தான்" என்றதும் பெரியவர் சிரித்துவிட்டார். 1873 மாடல் வின்செஸ்டரை அந்தக் காலத்தில் .45-ல் செய்ததே இல்லை. ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா வேண்டும் என்று நினைத்த அசல் கவ்பாய் .44-40 வைத்திருப்பான். "சரித்திரம் வேணும்னு சொல்லிட்டு சரித்திரத்துல இல்லாததை வாங்கியிருக்கே."

இந்தத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா செய்வதில் இரண்டு விஷயங்களை அவர்தான் காட்டிக் கொடுத்தார். லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால், துப்பாக்கி உதைக்கும்போது அதுவே குத்தூசி ஆகிவிடும். அதனால் தட்டை மூக்குக் குண்டு. இரண்டாவது, நீளம். 73 ரைஃபிளில் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் சின்ன மேடை சரியாக ஒரு தோட்டாவுக்கு அளவெடுத்தது. நீளம் கூடினால் உள்ளே நுழையாது. குறைந்தால் அடுத்த தோட்டாவின் விளிம்பு கொஞ்சம் எட்டிப் பார்த்து மேடையை எழவிடாது. வினாடிக் கணக்கில் ஓடி ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தை ஒரு மயிரிழை நீளம் நிறுத்திவிடும்.

அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தொப்பி பொய், பெயர் பொய், மரப்பலகையில் எழுதிய 'சலூன்' பொய். தோட்டா மட்டும் பொய் சொல்லாது.

*

கடைத் தோட்டா விலைக்கு மாதம் இரண்டு போட்டி சுட முடியாது. அதனால் ஏறக்குறைய எல்லோரும் வீட்டில் 'ரீலோட்' செய்கிறார்கள். சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய உரிமம் தேவையில்லை, விற்றால்தான் வேண்டும். சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கழுவவேண்டும். ஈயத்தூசி பறக்கக்கூடாது என்பதற்காக நான் தண்ணீரில் போட்டு உருட்டுகிறேன். மேசையில் சாப்பாடு, காபி கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியபிறகுதான் மகளைத் தொடுவது.

பிறகு பிரெஸ். கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தி, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டை உட்காரவைத்து, கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்கினால் ஒரு தோட்டா. மருந்தின் அளவு கையேட்டில் அச்சிட்டபடிதான், சொந்தப் புத்தி கூடாது. அளவு கிரெயினில். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், நகை ஆசாரியின் குந்துமணியைவிடக் குறைவு.

பெரியவரின் இரண்டாவது யோசனை இங்கேதான். "ஒத்தை அச்சு பிரெஸ் வாங்கு." அதில் ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான். ஐம்பது கூடுகளுக்கும் ஒரே வேலையை முடித்துவிட்டு, அடுத்த வேலைக்கு அச்சை மாற்றவேண்டும். மருந்து போட்டதும் ஐம்பதும் மரக்கட்டைத் துளைகளில் வாய் திறந்து நிற்கும். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒன்றில் மட்டம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் கண் சொல்லிவிடும்.

நான் 'புரோகிரசிவ்' வாங்கினேன். வட்டத் தட்டில் நான்கு கூடுகள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் நான்கு இடத்திலும் நான்கு வேலை ஒரே சமயத்தில் நடக்கும். கட்டைவிரலால் தட்டைத் திருப்பிவிட்டு மறுபடி இழு. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். ஒரு மணி நேரத்தில் முந்நூறு. ஆனால் தட்டைத் திருப்ப மறந்து இழுத்தால் ஒரே கூட்டில் இரண்டு அளவு மருந்து. இழுக்க மறந்து இரண்டு தடவை திருப்பினால் ஒரு கூட்டில் மருந்தே இல்லை.

இதில் என் .45-ம் சேர்ந்துகொண்டது. அந்தக் கூடு 1873-ல் கரிமருந்துக்காகச் செய்தது. வெடியுப்பு, கரி, கந்தகம், நம்ம ஊர்ச் சரக்கு. 40 கிரெயின் வரை போடுவார்கள், கூடு நிறைந்துவிடும். இரண்டு தடவை போட நினைத்தாலும் இடமிருக்காது. இன்றைய புகையில்லா மருந்தோ அதே கூட்டின் அடியில் ஐந்தாறு கிரெயினாக, தம்ளர் அடியில் மிஞ்சிய காபிப்பொடி மாதிரி கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் கூட்டில் இடம் மிச்சம் இருக்கும். கவ்பாய்களுக்கென்றே 'டிரெயில் பாஸ்' என்று ஒரு மருந்து வந்தது. வளையம் வளையமாக, பொரி மாதிரி உப்பலாக இருக்கும். இரட்டை அளவு விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் அதைத்தான் நம்பியிருந்தேன். 2020-க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில் முதலில் பிரைமர் காணாமல் போனது, பிறகு டிரெயில் பாஸ். கிடைத்த வேறு மருந்தை வாங்கி வைத்தேன். அடர்த்தியானது, கொஞ்சமாகப் போட்டால் போதும்.

மூன்றாவது யோசனை ரொம்பச் சின்னது. "மேசைக்கு உக்காரும்போது ஃபோனை வெளியில வெச்சிடு."

*

அன்றிரவு ஒன்பது மணி. இந்தியாவில் மறுநாள் காலை ஒன்பதரை. அம்மா.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அப்பா மாத்திரை போட்டாரா, சித்தி மகளுக்கு எந்தக் காலேஜ், எங்கள் தெருவில் தண்ணீர் வருகிறதா வரவில்லையா. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு "ம்... ம்..." என்று கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு கூடு குண்டே இல்லாமல், உள்ளே மருந்தோடு நாலாவது இடத்துக்கு வந்து நின்றது. எடுத்தேன். மருந்தைக் கொட்டினேன். கூட்டை ஓரமாக வைத்தேன். தொடர்ந்தேன். அது ஏன் அப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. தட்டு ஒரு தடவை கூடுதலாகத் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் அதற்குப் பின்னால் வந்த கூடு மருந்து விழும் இடத்தைச் சும்மா தாண்டிப் போயிருக்கிறது. குண்டை வைக்கும் முன் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கவேண்டும் என்பது பாலபாடம். தோளில் ஃபோனோடு தலையைக் குனிய முடியவில்லை. வைத்து அழுத்தினேன். மருந்தில்லாத தோட்டா ஒன்று மற்றவற்றோடு டப்பாவில் விழுந்தது. பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து, அது 'பட்' என்றது. பிரைமரின் பொறி மட்டும் குண்டை நகர்த்தி, குழாயின் நடுவில் நிறுத்திவிட்டது. அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதியிருந்தால் குழாய் பிளந்திருக்கலாம். இங்கே இதை 'ஸ்குவிப்' என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சின்னப் பட்டாசு என்று பொருள். நமத்த வெடிதான், வேறொன்றும் இல்லை.

என் அப்பா பத்தொன்பது வருடம் பட்டாசு ஆலையில் மருந்து அறையில் இருந்தார். எங்கள் வீட்டில் 'மருந்து' என்றால் அதுதான். மெடிக்கலில் வாங்குவது மாத்திரை. அவர் நகக்கண்ணில் எப்போதும் அலுமினியப் பவுடரின் வெள்ளி இருக்கும். அந்த அறைக்குள் இரும்புச் சாமான் கூடாது. நைலான் சட்டை கூடாது. பேச்சு கூடாது. வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வெளியே வந்துதான் 'என்ன' என்று கேட்கவேண்டும். சின்ன வயதில் அம்மாவோடு தூக்குச்சட்டி கொண்டுபோவேன். அம்மா ஒருநாளும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்போம். அவராக வரும்வரை நிற்போம். சோறு ஆறிப்போகும்.

நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருடம் அந்த வேலையை விட்டுவிட்டார். "நீ மருந்து தொட வேண்டியதில்லை" என்றார். நான் தோட்டா செய்கிறேன் என்று அவரிடம் சொன்னதே இல்லை. கவ்பாய் தொப்பி போட்ட படத்தைக்கூட 'ஃபேன்சி டிரஸ்' என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

*

போட்டி முடிந்து வந்த இரவு, அந்த டப்பாவில் மிச்சமிருந்த 212 தோட்டாக்களையும் கழற்றினேன். குண்டு கழற்றுவதற்கு ஒரு பிளாஸ்டிக் சுத்தி இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தால், குண்டும் மருந்தும் தனியாக வந்துவிடும். ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். கராஜில் விடியும்வரை அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியான எடை. இரட்டை அளவு ஒன்றுகூட இல்லை.

நிம்மதி வந்திருக்கவேண்டும், வரவில்லை. கட்டைவிரல் அன்று ஒரு தடவை கூடுதலாகத் தட்டைத் திருப்பியது. ஒரு தடவை குறைவாகத் திருப்பியிருந்தால்? அதற்கு 'பட்' என்ற எச்சரிக்கைகூட இல்லை. இருபது வருட டெஸ்டிங் வேலை, செக்லிஸ்ட், ரிவ்யூ என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். என் பக்கத்தில் நின்றிருக்கக்கூடியவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு பாட்டி.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். துப்பாக்கி, மருந்து, 'பட்', எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஃபோனை உள்ள கொண்டு போனியாக்கும்?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. டிவி ஓடுவது கேட்டது.

"குண்டில்லாம ஒண்ணு வந்துச்சுன்னியேய்யா. அப்பவே எந்திரிச்சிருக்கணும். அது சொல்லத்தான் வந்துச்சு. நீ கேக்கல."

பிறகு, "யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தே?" என்றார்.

"ஆபீஸ் கால்ப்பா" என்றேன். அந்தப் பொய்யை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியவேண்டியதில்லை.

*

புரோகிரசிவ் பிரெஸ்ஸை விற்றுவிட்டேன். இப்போது ஒத்தை அச்சு. மரக்கட்டையில் ஐம்பது துளை, கையில் டார்ச். ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது வந்தால் பெரிது. பெரியவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, ".38-ம் வாங்கிடேன்" என்றார். அதை மட்டும் இன்னும் கேட்கவில்லை. .45-தான் சுடுகிறேன். அந்தப் பெரிய கூட்டின் அடியில் மருந்து எவ்வளவு சின்னதாகக் கிடக்கிறது என்று ஐம்பது தடவை குனிந்து பார்ப்பது எனக்கு இப்போது தேவைப்படுகிறது. அடைத்துக்கொண்ட குண்டு மேசைக்கு மேல் ஆணியில் ஒரு நூலில் தொங்குகிறது.

ஃபோன் சமையலறையில், அரிசி டப்பாவின் மேல். இரவு ஒன்பதுக்கு அது அடித்தால் மனைவி எடுப்பாள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குப் பாதிப் பேச்சுதான் கேட்கும். "உள்ள இருக்காருங்க அத்தை... கூப்பிடவா?"

அந்தப் பக்கம் அம்மா என்ன சொல்கிறாள் என்று மனைவி ஒருநாள் சொன்னாள்.

"வேண்டாம்மா, வேலைய முடிச்சிட்டு அவனா வரட்டும். நான் லைன்லயே நிக்கேன்."